சங்கத்துக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

கேள்வி – ஜூன் 1, 2025

மும்பை தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கம் கோயில் கொடையும் இறப்பு நிதியும் தவிர வேறெதிலும் தலையிட்டதில்லை. இப்போது வந்திருக்கும் நிர்வாகிகள் மருத்துவ உதவிக் குழு தொடங்க வேண்டும் என்கிறார்கள். டி.பி. வந்தவர்களுக்கு மளிகைப் பை, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. எனக்கு ஒப்பவில்லை. இதெல்லாம் மாநகராட்சி வேலை. நாம் சும்மா செய்து கொடுத்தால் அவன் ஏன் செய்யப் போகிறான்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் – ஜூன் 1, இரவு

அனுபவம் உண்டு. தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் எங்கள் சங்கத்தின் பெண்கள் குழுவில் 11 வருடமாக இருக்கிறேன். பகலில் தோல் பை தைக்கும் கார்கானாவில் கணக்கு எழுதுகிறேன். அதனால் என் சேவை எல்லாம் காலை பத்து மணிக்கு முன்னால், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

நாங்கள் செய்வதில் முக்கால்வாசி மாநகராட்சி வேலையே இல்லை. நாங்குநேரிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்து நாலு மாதமான பெண்ணுக்கு விடாத இருமல். சயான் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கேஸ் பேப்பர் என்ற பதிவுச் சீட்டு எடுக்க வேண்டும். அந்த வரிசை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தாலே பாதி நாள் மிச்சம். கேஸ் பேப்பர் எடுத்தபின் எந்த ஓபிடி (புறநோயாளிப் பிரிவு), அங்கே எழுதிக் கொடுத்த சீட்டோடு எந்த மாடி, ரத்தம் எங்கே, எக்ஸ்ரே எங்கே. பலகைகள் மராத்தியில். டாக்டர் பேசுவது இந்தி. புருஷன் விடியற்காலை நாலரைக்கு இட்லிப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவன், வீடு திரும்பப் பன்னிரண்டு ஆகும். கூடப் போக யார் இருக்கிறார்கள்? மாநகராட்சி சரியாக நடந்தாலும் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நாங்கள்.

அதற்காக நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்ல மாட்டேன். பாதி சரி. எந்தப் பாதி என்று நாளை எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

ஜூன் 3

நாளை என்று சொல்லி இரண்டு நாள் ஆகிவிட்டது. மழை. கார்கானாவுக்குள் கணுக்கால் தண்ணீர், தோல் கட்டுகளை மேலே ஏற்றவே நேரம் போதவில்லை. இந்த வருடம் மே 26-ஆம் தேதியே மழை இறங்கிவிட்டது, யாரும் தயாராக இல்லை.

சரி, அந்தப் பாதி. எங்கள் பகுதியில் வீடு வீடாக வரும் ஆரோக்கிய சேவிகாவைப் பாருங்கள். கர்ப்பிணிக் கணக்கு, குழந்தைத் தடுப்பூசி, காய்ச்சல் கணக்கு, டி.பி. கணக்கு எல்லாம் அந்த அம்மாள் கையில். மாநகராட்சிக் காகிதத்தில் அவர்கள் பெயர் ஊழியர் அல்ல, தன்னார்வலர். தன்னார்வலர் என்று எழுதிவிட்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, மதிப்பூதியம் போதும். ஆஷாக்கள் என்று மத்திய அரசுத் திட்டத்தில் இதே மாதிரி வேலை செய்யும் பெண்கள் கதையும் இதுதான். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. வீட்டில் விருதுச் செய்தியை டிவியில் பார்த்துக்கொண்டே, எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆஷா, போன மாத ஊக்கத்தொகை இன்னும் வரவில்லை என்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

ஆக, சேவை என்ற சொல்லை வைத்துக்கொண்டு வேலை வாங்குவது உண்மைதான். அதில் நானும் சிக்கியிருக்கிறேன். தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டம் 2013-இல் வந்தபோது மகிளா ஆரோக்கிய சமிதி, அதாவது பெண்கள் சுகாதாரக் குழு, என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். 50 முதல் 100 வீட்டுக்கு ஒரு குழு, 10 அல்லது 12 பெண்கள், வருடத்துக்கு 5,000 ரூபாய் பொதுப் பணம். மாதத்துக்கு நானூற்றுச் சொச்சம். அந்தப் பணத்துக்கு நாங்கள் எழுத வேண்டிய பதிவேடுகளின் எடை அதைவிட அதிகம். ஆனால் ஒன்று: அந்தப் பதிவேட்டைக் காட்டித்தான் சுகாதார மையத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அதற்கு முன்னால் வாசலோடு சரி.

ஜூன் 4

ஒருவர் கேட்டிருக்கிறார்: டி.பி.க்கு அரசே மாதம் 500 ரூபாய் கொடுக்கிறதே, பிறகு பை எதற்கு? 500 என்பது பழைய கணக்கு. 2018 ஏப்ரலில் 500-இல் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கிவிட்டார்கள். ஆறு மாத சிகிச்சைக்கு 6,000, இரண்டு தவணையில் வங்கிக் கணக்குக்கு வரும். வங்கிக் கணக்குக்கு என்ற சொல்லில்தான் வம்பு. ஊரில் ஆதார் ஒரு பெயரில், இங்கே கேஸ் பேப்பரில் பெயர் வேறு எழுத்துக்கூட்டில். புருஷன் பெயரை இனிஷியலாகப் போட்டால் ஒரு மாதிரி, அப்பா பெயரைப் போட்டால் வேறு மாதிரி. முத்துலட்சுமி என்ற பெயரை நான் இதுவரை ஐந்து விதமாகப் பார்த்திருக்கிறேன். இதைச் சரிசெய்ய வங்கிக்கும் சுகாதார மையத்துக்கும் அலைவது யார் வேலை என்று கேட்டால், கேள்வி கேட்டவர் சொல்வதுபோல, அது அவர்கள் வேலைதான். அலைந்தது நாங்கள்.

ஜூன் 4, இன்னொன்று

சளி கதை சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

டி.பி. சோதனைக்கு ஒரு சின்ன டப்பா கொடுப்பார்கள். விடியற்காலையில் ஆழமாக இருமி வரும் சளியைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். மராத்தியில் அந்தச் சோதனையின் பெயரே துங்கி தபாசணி. துங்கி என்றால் எச்சில் என்றும் பொருள். ஊழியர் இந்தியில் அவசரமாகத் தூக் என்றார். நான் கூட இருந்த பெண்ணிடம், "இதுல துப்பிட்டு வரணுமாம்" என்றேன். அவள் ஒழுங்காகத் துப்பிக்கொண்டு வந்தாள். டப்பா நிறைய, தெளிந்த தண்ணீர் மாதிரி எச்சில். ஆய்வகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மறுபடி அதே. மூன்றாம் நாள்தான் வயதான நர்ஸ் ஒருவர் என் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டி, "பல்கம், பல்கம்" என்று சொல்லிக் காட்டினார். மூன்று நாள் போனது என்னால். எனக்கு இந்தி நன்றாகத் தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யாரோடு போனாலும் முதலில், எச்சில் வேறு, சளி வேறு என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். அடுத்தது, மாத்திரை தொடங்கினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்பது. ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது. இதை முன்கூட்டிச் சொல்லாததால் ரத்தம் போகிறது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைச் சாக்கடையில் போட்டவர்கள் உண்டு. பொதுக் கழிப்பறையில் வரிசையில் நிற்கும்போது இதையெல்லாம் யாரிடம் கேட்பாள்?

ஜூன் 8

இன்று ஞாயிறு, நிதானமாக எழுதலாம்.

நாம் செய்தால் அவன் செய்ய மாட்டான் என்று கேட்பவர்களுக்கு ஜோக்கின் அற்புதம் கதையைத்தான் நான் சொல்வேன். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், பம்பாய்க்கு வந்து மான்குர்த் பக்கம் ஜனதா காலனியில் இருந்தவர். தேசிய குடிசைவாழ்வோர் கூட்டமைப்பைத் தொடங்கியவர், 2000-இல் மகசேசே விருது வாங்கியவர், 2018-இல் காலமானார். இளவயதில் அவர் செய்த காரியம் இன்றைக்கும் எங்கள் பகுதியில் பேசப்படும். ஜனதா காலனியில் குப்பை அள்ள யாரும் வரவில்லை. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தைக் கொடுத்து, ஊர்வலமாகக் கூட்டிப்போய் நகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்ட வைத்தார். அதற்குப் பிறகு அதிகாரிகள் தேடி வந்தார்கள்.

குப்பையை அவரே அள்ளியும் இருக்கலாம். நல்ல பெயர் கிடைத்திருக்கும், காலனி நாறாமல் இருந்திருக்கும், நகராட்சி நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

எங்கள் குழு எந்தப் பக்கம் என்று கேட்டால் பெரும்பாலும் அள்ளுகிற பக்கம்தான், கொட்டுகிற பக்கம் அபூர்வம். ஒரே ஒரு தடவை சொல்லலாம். 2024 தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் டி.பி. மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? மாதத்துக்குக் கொடுக்க வேண்டியதை வாரத்துக்குக் கொடுத்தார்கள், பிறகு நாலு நாளைக்கு, பிறகு வெளியே வாங்கிக்கொள் என்றார்கள். டி.பி.யில் மாத்திரை விட்டுப்போனால் மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யாக மாறும் ஆபத்து உண்டு. அப்படி மாறினால் சிகிச்சையும் நீளும், பக்கவிளைவும் கூடும். இது மும்பைக்காரர்களுக்குப் புதுச் செய்தி அல்ல.

அப்போது எங்கள் குழுவில் பாதிப் பேர், "சந்தா போட்டு வெளியே வாங்கிக் கொடுத்துடலாம்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஆச்சி, சங்கத்தில் சும்மா வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பவர், "இன்னைக்கு நாம வாங்குனா நாளைக்கு அவன் நம்மகிட்டத்தான் கேப்பான்" என்றார். காலி மாத்திரை அட்டைகளைச் சேகரித்துக்கொண்டு முப்பது பெண்கள் போய் அலுவலகத்தில் மேசை மேல் வைத்தோம். யாரும் கோஷம் போடவில்லை. அட்டைகள் மட்டும். இரண்டு நாளில் பத்து நாளைக்கான சரக்கு வந்தது. எங்களால் வந்ததா, வரவேண்டியதுதான் வந்ததா, தெரியாது. எங்களால் என்று நினைத்துக்கொள்வதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

அதற்கு நடுவிலும் மூன்று பேருக்கு நாங்கள் வெளியே வாங்கிக் கொடுத்தோம். ஆச்சிக்குத் தெரியாமல்.

ஜூன் 9

ஆச்சி யார் என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். அவர் இட்லி மட்டும் வாரா வாரம் எனக்கு வரும், சட்னியில் உப்பு தூக்கல்.

நகர்சேவகரிடம், அதாவது கவுன்சிலரிடம், போயிருக்கலாமே என்று ஒருவர். ஐயா, எந்த நகர்சேவகர்? 2022 மார்ச்சில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது, இந்த 2025 ஜூன் வரை தேர்தல் இல்லை. மூன்று வருடமாகத் தண்ணீர், குழாய், கேஸ் பேப்பர், எல்லாவற்றுக்கும் ஜனங்கள் சங்கத்து வாசலுக்குத்தான் வருகிறார்கள். சங்கத்துக்கு இப்போது இருக்கும் மரியாதையில் பாதி அந்தக் காலி நாற்காலி கொடுத்தது.

ஜூன் 14

இன்றைக்கு எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். பை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜார்க்கண்டில் ஒரு ஆய்வு நடந்தது, 2023-இல் முடிவுகள் வந்தன. டி.பி. நோயாளிக்கு மாதம் 10 கிலோ சாமான்: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது, சளியில் கிருமி உறுதியான வகையை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். மருந்து ஒன்றுமில்லை, அரிசியும் பருப்பும் வைட்டமின் மாத்திரையும்தான். 2022 செப்டம்பரில் நிக்ஷய் மித்ரா என்று அரசு தொடங்கியதே, யார் வேண்டுமானாலும் நோயாளிக்குச் சத்துப் பை கொடுக்கலாம் என்று, எங்கள் சங்கமும் அதில் பதிவு செய்தது.

அந்தப் பெண்ணைப் பற்றி முதல் குறிப்பில் சொன்னேன். நாங்குநேரிப் பக்கம், கல்யாணமாகி வந்தவள், புருஷன் சைக்கிளில் இட்லி விற்பவன். சளி டப்பாவை எச்சிலால் நிரப்பியவளும் அவளேதான்.  ஆனால் ஒரு தப்பு இப்போதுதான் உறைத்தது: இவளுக்கு அப்போதே ஒன்றரை வயதில் ஒரு குழந்தை, ஊரில் இருந்து கைப்பிள்ளையாகவே கொண்டுவந்தாள். கல்யாணமாகி நாலு மாதம் என்று முதல் குறிப்பில் எழுதியது வேறு பெண்ணைப் பற்றி. இரண்டு பேரையும் நான் கலந்து எழுதியிருக்கிறேன். பதினொரு வருடத்தில் முகங்கள் கலந்துவிடுகின்றன. மன்னிக்கவும்.

இவள் வீட்டிலிருந்தே மாவு ஆட்டி விற்பவள். அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட். எங்கள் சந்தில் முப்பது வீடு வாங்கும்.

பை கொடுக்கும் விழா வைத்தோம். விழா என்றுதான் சொல்ல வேண்டும், பின்னால் பேனர், முன்னால் நாற்காலி, நன்கொடை கொடுத்தவர் வந்து கையால் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒன்பது பேருக்குக் கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். அதைச் சங்கத்து வாட்சப் குழுவில் போடுமுன் ஒரு விவரமான தம்பி, நோயாளிகள் முகம் தெரியக்கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு முகத்தின் மேலும் மஞ்சள் உருண்டைப் பொம்மை ஒட்டினான். எல்லோரும் பாராட்டினோம். நானே கைதட்டல் போட்டேன்.

அவள் இடுப்பில் இருந்த குழந்தையின் முகத்தை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. சந்து முழுக்கத் தெரிந்த குழந்தை அது. பேனரில் டி.பி. என்று பெரிய எழுத்து.

மறுவாரம் மாவு வாங்க ஆறு வீடு வந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு. டி.பி. மாவில் பரவாது, காற்றில்தான் பரவும், மருந்து சில வாரம் ஒழுங்காகப் போனாலே பரப்புவது வெகுவாகக் குறைந்துவிடும் என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "தெரியும்க்கா, இன்னைக்கு மாவு இருக்கு, நாளைக்கு வாங்கிக்கிடுதோம்" என்றார்கள். நான் போய்ச் சொல்லச் சொல்ல, தெரியாதிருந்த வீட்டுக்கும் தெரிந்தது.

ஜூன் 15

"ஒப்புதல் வாங்கினீர்களா?" என்று நேற்றைய குறிப்புக்குக் கீழே நாலு பேர். வாங்கினோம். நிக்ஷய் மித்ராவில் நோயாளியின் சம்மதம் இல்லாமல் விவரம் கொடுக்க முடியாது. போட்டோவுக்கும் தனியாகக் கேட்டோம், கையெழுத்தும் இருக்கிறது.

அந்தக் காகிதத்தை நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். கேட்டது நான். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளும் நான், வங்கியில் பெயரைத் திருத்த அலைந்தவளும் நான், அவள் புருஷனுக்குத் தூரத்து உறவில் மைனி முறை வேறு. நான் பேனாவை நீட்டினால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? ஆஸ்பத்திரியில் முகம் தெரியாத யாரோ கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் கவலை மாநகராட்சி நம் முதுகில் ஏறிக்கொள்ளும் என்பது. எனக்கும் அந்தக் கவலைதான் இருந்தது. இப்போது வேறு கவலை வந்திருக்கிறது. எங்களை ஏன் கூப்பிடுகிறார்கள்? எந்த கோலியில் (அறையில்) யார் இருமுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான். சேவிகாவிடம் மறைப்பதை எங்களிடம் மறைக்க முடியாது. கோவிட் சமயத்திலும் இதே கதை. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் நோயாளி, ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவி பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எங்கள் குழுவும் டாக்டர்களோடு சந்து சந்தாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று காட்டிக் கொடுத்தது. காட்டிக் கொடுத்தது என்று எழுதும்போதே கை நிற்கிறது. அந்த ஏப்ரலில் எங்களைத் தூரத்தில் பார்த்ததும் கதவு சாத்தியவர்கள் உண்டு. தனிமை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். உயிர் பிழைத்தவர்களும் அதில் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாராட்டு வந்த அன்றைக்கு யாரும் அந்தக் கதவுகளைப் பற்றிப் பேசவில்லை, நானும்.

ஜூன் 22

திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், ஊரில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நன்றாக நடக்கிறது, அதைப் பாருங்கள் என்று. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. நோய் உறுதியானதுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். டி.பி.யில் சாகிறவர்கள் பலர் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே சாகிறார்கள், அதனால் இந்த அவசரம்.

இதிலிருந்து நாங்கள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். யாரோடு போனாலும், "எழுந்து நில்லு தாயி, சுவரைப் பிடிக்காம" என்று ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம். தள்ளாடினால் ஓபிடியில் அதை முதல் வாக்கியமாகச் சொல்வோம். இதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம். போட்டோவும் வேண்டாம்.

அதே தம்பி கேட்டது: இந்த வேலையை மும்பையில் பெரிய தொண்டு நிறுவனங்கள் செய்யவில்லையா? செய்கின்றன. சயான் ஆஸ்பத்திரிக் குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-இல் அங்கே தாய்ப்பால் வங்கி தொடங்கினார், ஆசியாவிலேயே முதலாவது. அவரே 1999-இல் ஸ்நேஹா அமைப்பைத் தொடங்கினார். தாராவியில் தாய் சேய் நலத்துக்கு அவர்கள் செய்தது கொஞ்சமல்ல. அவர்களிடம் சம்பளத்துக்கு ஆள் உண்டு, பயிற்சி உண்டு, ரகசியம் காப்பதற்கு விதி உண்டு. எங்களிடம் இருப்பது உறவுமுறை. எனக்கு மைனி, உனக்கு சித்தி. விதியை மீறினால் வேலையை விட்டு நீக்கலாம், மைனியை எதிலிருந்து நீக்குவது?

ஜூன் 29

பை விஷயத்தில் செய்த மாற்றங்களைக் கேட்டிருந்தார்கள், சுருக்கமாக. விழா கிடையாது. பேனர் கிடையாது. நன்கொடையாளர் கையால் கொடுக்க ஆசைப்பட்டால் சங்கத்து மாடிப்படிக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறோம், அதில் அவர் பெயரைப் பெரிதாகவே எழுதுகிறோம். சாமானைப் பையில் கட்டிக் கொடுக்காமல், மூலையில் இருக்கும் கிரானா என்ற மளிகைக் கடையில் பணம் கட்டிவிட்டுச் சீட்டு கொடுக்கிறோம். சீட்டில் எண் மட்டும். அவர்களே போய் எல்லோரையும் போல வாங்கிக்கொள்வார்கள். கடைக்காரர் குஜராத்தி, எங்கள் ஊர் உறவு எதுவும் கிடையாது. அதுதான் அவரிடம் எங்களுக்குப் பிடித்தது.

இதிலும் ஓட்டை இருக்கிறது. ஒருவன் சீட்டைக் கொடுத்துச் சாமானுக்குப் பதில் ரொக்கமாக வாங்கிக் குடித்துவிட்டான். குழுவில் பெரிய சண்டை. பழையபடி பையே கொடுக்கலாம் என்று ஒரு கட்சி. நான் சீட்டுக் கட்சி. ஆச்சி எந்தக் கட்சி என்று இன்னும் சொல்லவில்லை, மென்றுகொண்டிருக்கிறார்.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் தன் சங்கக் கூட்டம் முடிந்துவிட்டதாகவும், குழு தொடங்க முடிவாகிவிட்டதாகவும், தன்னையே செயலாளராகப் போட்டுவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். சிரித்துவிட்டேன். எதிர்த்துப் பேசுகிறவனுக்குப் பதவி கொடுத்து உட்கார வைப்பது நம் சங்கங்களின் பழைய வித்தை. என்னையும் அப்படித்தான் பிடித்தார்கள்.

உங்களுக்குச் சொல்ல ஒரே ஒரு யோசனை வைத்திருந்தேன், ஒரு பதிவேடு பற்றி. அதை எழுத உட்கார்ந்தபோது வாசலில் அந்த மாவுக்காரப் பெண் நின்றாள். போட்டோவுக்கு அப்புறம் அவள் என் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஆறு மாதக் கோர்ஸை முடித்துவிட்டாள், எனக்குத் தெரியும், ஆனால் அவள் சொல்லித் தெரியாது. ஆரோக்கிய சேவிகா வாயால் தெரியும். மாவுப் பாக்கெட் இப்போது சந்துக்குள் விற்பதில்லை, புருஷன் சைக்கிளில் மாட்டுங்கா பக்கம் கொண்டுபோகிறான்.

மாமியாருக்கு மூன்று வாரமாக இருமலாம். நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"நீங்க வரண்டாம் மைனி. நானே கூட்டிட்டுப் போறேன். சளிக்கு இந்தில என்னமோ சொல்வாவளே, அத மட்டும் எழுதித் தாங்க."

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் தமிழில் பெரிதாகப் பல்கம் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று சொல்லாமலே போனாள். நானும் கேட்கவில்லை.